அலாட்மென்ட் காய்கறிக்கு எந்த வலை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில் கவுன்சிலிடம் ஒரு துண்டு நிலத்தை, அதாவது அலாட்மென்ட்டை, வாடகைக்கு எடுத்துக் காய்கறி போடுகிற நம்மவர்கள், ஏப்ரல் பிறந்ததும் என்னிடம் கேட்பது வலையைப் பற்றித்தான். கடையில் பச்சை, கறுப்பு, வெள்ளை என்று சுருள் சுருளாக அடுக்கியிருக்கும். எது எதைத் தடுக்கும் என்று அட்டையில் தெளிவாக இருக்காது. பல வருடங்களாகக் கேட்கப்பட்ட கேள்விகளையும், என் பாத்தியில் பார்த்துப் பார்த்து நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வலை இல்லாமல் வளர்க்கவே முடியாதா?

எல்லாவற்றுக்கும் வலை வேண்டாம். உருளைக்கிழங்கு, பூசணி, கூர்ஜெட், தக்காளி, ரன்னர் பீன்ஸ் இவையெல்லாம் வெறும் வெளியிலேயே நன்றாக வரும். ஆனால் முட்டைக்கோஸ் குடும்பத்தை மட்டும் வலை இல்லாமல் விடாதீர்கள். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், ப்ரோக்கோலி, கேல், ஸ்ப்ரவுட்ஸ், நூல்கோல், முள்ளங்கி, டர்னிப், கடுகுக்கீரை எல்லாம் ஒரே குடும்பம். இந்த நாட்டில் அந்தக் குடும்பத்தைத் தின்ன வருகிற பூச்சியும் பறவையும் ஏராளம்.

வீட்டுக் கொல்லையில் வலை போடாமலே கேல் பறித்தவர்கள்கூட அலாட்மென்ட்டுக்கு வந்ததும் தோற்றுப்போகிறார்கள். காரணம் சுலபம். ஒரு முழுத் துண்டு என்பது பழைய கணக்கில் 10 ராட், அதாவது ஏறக்குறைய 253 சதுர மீட்டர். நம்மூர்க் கணக்கில் ஆறேகால் சென்ட். என் பக்கத்துத் துண்டுக்காரர் யாழ்ப்பாணத்து அண்ணர். இந்தக் கணக்கைச் சொன்னதும் "அப்ப சரியா ஒரு பரப்பு" என்றார். அங்கே ஒரு பரப்பு என்பது 10 பேர்ச், ராடும் பேர்ச்சும் ஒரே அளவு. அப்படிப்பட்ட துண்டுகள் வரிசையாக நாற்பது, ஐம்பது. எல்லாரும் வருடா வருடம் அதே முட்டைக்கோஸ், அதே கேரட், அதே லீக்ஸ். இங்கே 1908-ஆம் ஆண்டு அலாட்மென்ட் சட்டத்துக்குப் பிறகு உண்டான நிலங்கள் பலவற்றில் தலைமுறை தலைமுறையாக இதே பயிர்கள்தான். பூச்சிக்கு அது பந்தி விரித்து வைத்த மாதிரி.

சரி, எந்த வலை வாங்குவது? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. ஆனால் ஒரே கேள்வியில் முடித்துவிடலாம்: யாரைத் தடுக்கப் போகிறீர்கள்? அதைத் தீர்மானித்துவிட்டால் வலையின் கண் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது தானாக வந்துவிடும். நிறம், விலை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

புறாவை மட்டும் தடுக்க வேண்டுமானால் 15 முதல் 20 மில்லிமீட்டர் கண் உள்ள பறவை வலை போதும். இங்கே நமக்குத் தொல்லை தருவது கழுத்தில் வெள்ளைப் பட்டை போட்ட பெரிய மரப்புறா. அரைக் கிலோ எடை இருக்கும். குளிர்காலத்தில் வேறு தீனி கிடைக்காதபோது, கேல் செடியை நடு நரம்பை மட்டும் விட்டுவிட்டுக் கொத்தித் தீர்த்துவிடும்.

வெள்ளைப் பட்டாம்பூச்சியைத் தடுக்க வேண்டுமானால் கண் 7 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இதில் இரண்டு வகை உண்டு. பெரிய வெள்ளை இலையின் அடியில் மஞ்சள் முட்டைகளைக் கொத்தாக வைக்கும். அதில் பிறக்கிற புழுக்கள் மஞ்சளும் கறுப்புமாகக் கூட்டமாகவே தின்னும். சின்ன வெள்ளை ஒவ்வொரு முட்டையாக வைக்கும். அதன் பச்சைப் புழு முட்டைக்கோஸின் நடுக்குருத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். சின்ன வெள்ளை சில சமயம் இறக்கையை மடக்கிக்கொண்டு 7 மில்லிமீட்டர் கண்ணிலும் நுழைந்துவிடும். அதனால் கிடைத்தால் 5 மில்லிமீட்டருக்குப் போங்கள்.

கேரட் ஈ, முட்டைக்கோஸ் வேர் ஈ, வைரமுதுகு அந்துப்பூச்சி, லீக் அந்துப்பூச்சி இவற்றுக்கெல்லாம் ஏறக்குறைய 1.3 மில்லிமீட்டர் கண் உள்ள பூச்சி வலை. பார்வைக்குக் கொசுவலை மாதிரியே இருக்கும்.

அதைவிடச் சின்னது 0.8 மில்லிமீட்டர். முள்ளங்கி, ராக்கெட் கீரை, கடுகுக்கீரை இலைகளில் ஊசியால் குத்தியது போல வட்ட வட்டமாக ஓட்டை விழுகிறதா? அது தெள்ளுப்பூச்சி மாதிரித் துள்ளுகிற ஒரு சின்னக் கறுப்பு வண்டு. அதற்கு இந்த 0.8 வலைதான் சரி. வெங்காயக் குடும்பத்தைத் துளைக்கிற ஈக்கும் நான் இதையேதான் போடுகிறேன்.

ஒரே ஒரு வலை வாங்கத்தான் கையில் காசு இருக்கிறது என்றால் 1.3 மில்லிமீட்டர் பூச்சி வலையை வாங்குங்கள். புறா, பட்டாம்பூச்சி, ஈ எல்லாம் அதில் நிற்கும். பறவை வலையைப் போலப் பல மடங்கு விலைதான், ஆனாலும் வருடக்கணக்கில் வரும்.

7 மில்லிமீட்டர் வலைதான் போட்டேன். அப்படியும் இலை முழுக்கப் புழு. வலையில் கோளாறா?

வலையில் கோளாறு இல்லை, வலை இலையைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கும். எனக்கும் இதே நடந்திருக்கிறது. முதல் வருடம் கேல் செடிகள் மேல் வலையைப் போர்வை மாதிரிப் போர்த்திவிட்டுப் பெருமையோடு நின்றேன். ஜூலையில் ஒரு மத்தியானம் பார்க்கிறேன், ஒரு பெரிய வெள்ளை வந்து வலை மேலேயே உட்கார்ந்தது. வலைக்கு அடியில் இலை ஒட்டிக்கொண்டிருந்த இடத்தைக் காலால் தடவித் தேடிக் கண்டுபிடித்து, பின்பக்கத்தை வளைத்து, கண்ணுக்குள் விட்டு, நிதானமாக ஒவ்வொன்றாக முட்டை வைத்தது. உள்ளே வர வேண்டிய அவசியமே அதற்கு இல்லை. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்த அண்ணர் சொன்னார்: "தம்பி, வலை இலையில முட்டக்கூடாது. முட்டினால் வலை போட்டதும் ஒண்டுதான், போடாததும் ஒண்டுதான்."

புறாவும் அப்படியே. தொய்ந்த வலை மேல் வந்து உட்காரும்; அதன் எடையில் வலை இலைமட்டத்துக்கு இறங்கும்; கண் வழியாகவே கொத்தும். செடி முழுதாக வளர்ந்த பிறகும் இலைக்கும் வலைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கிற மாதிரிச் சட்டம் கட்ட வேண்டும். நாற்று நடும்போது நிறைய இடம் இருப்பது போலத்தான் தெரியும். ஆகஸ்டில் அந்தச் செடி எங்கே வந்து நிற்கும் என்று நினைத்துக் கட்டுங்கள்.

இன்னொன்று: நாற்றோடு சேர்ந்தே முட்டை வந்திருக்கலாம். வலைக்குள் வைக்கும் முன் ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பாருங்கள். மஞ்சள் கொத்து தெரிந்தால் விரலால் நசுக்கிவிடுங்கள்.

கேரட்டைச் சுற்றி 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு மறைப்பு வைத்தால் போதும், மேலே மூட வேண்டாம் என்கிறார்களே?

அதில் உண்மை இருக்கிறது. கேரட் ஈ தரையை ஒட்டித் தாழ்வாகப் பறக்கிற பூச்சி. 60 சென்டிமீட்டர் சுவர் எதிரே வந்தால் பெரும்பாலும் சுற்றிப் போய்விடும். சின்னப் பாத்தி என்றால் இது ஓரளவு பலிக்கும். ஆனால் அலாட்மென்ட் என்பது பெரும்பாலும் காற்றுக்குத் திறந்த வெளி. காற்று தூக்கிக் கொண்டுவந்து மறைப்புக்குள் போட்டுவிட்டால் அப்புறம் அது வெளியே போக எந்த அவசரமும் இல்லை. பாத்தி அகலமாக இருந்தால் நடுவில் இறங்கவும் இடம் கிடைக்கிறது. அதனால் நான் மேலேயும் சேர்த்தே மூடுகிறேன்.

நெருக்கமாக முளைத்த கேரட் நாற்றைப் பிடுங்கிக் கலைக்கும்போது கிளம்புகிற வாசனை ஈயை இழுக்கும். ஆகவே முதலிலேயே விதையை நெருக்கமில்லாமல் தூவுங்கள். கலைத்தே ஆக வேண்டுமானால் சாயங்காலம் செய்துவிட்டு உடனே வலையை மூடுங்கள், பிடுங்கியதை அங்கேயே போடாதீர்கள். முதல் தலைமுறை ஈ மே, ஜூனில் பறக்கும், அடுத்தது ஜூலைக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. ஜூன் தொடக்கத்தில் விதைத்தால் முதல் கூட்டத்திடமிருந்து ஓரளவு தப்பலாம். இரண்டாவதுக்கு வலை ஒன்றுதான் வழி. பார்ஸ்னிப், பார்ஸ்லி, செலரிக்கும் இதே ஈதான்.

நாலு பக்கமும் மண்ணில் புதைத்து மூடினேன். உள்ளே எப்படி ஈ வந்தது?

போன வருடமும் அதே பாத்தியில் கேரட் போட்டிருந்தீர்களா? அப்படியானால் ஈ வெளியிலிருந்து வரவில்லை. போன வருடத்துப் புழு கூட்டுப்புழுவாகி மண்ணுக்குள்ளேயே குளிர்காலம் முழுக்கக் கிடந்திருக்கும். வசந்தத்தில் ஈயாக வெளியே வரும்போது மேலே வலை, கீழே புதுக் கேரட். எதிரியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டோம். அதுவும் அதைப் பிடித்துத் தின்னும் பறவைகள் நுழைய முடியாதபடி.

கேரட் ஈக்கு மட்டுமல்ல, முட்டைக்கோஸ் வேர் ஈக்கும், வெங்காயத்தைத் துளைக்கிற ஈக்கும் இதே கதைதான். நுண்ணிய வலை பயிர் மாற்றத்தோடு சேர்ந்தால்தான் வேலை செய்யும். ஒரு குடும்பத்தை அதே பாத்திக்குத் திரும்பக் கொண்டுவர மூன்று, நான்கு வருடமாவது விடுங்கள். பாதித் துண்டுதான் இருக்கிறது, மாற்ற இடமில்லை என்பவர்கள் ஒரு வருடம் கேரட்டையே நிறுத்திவிடுவது நல்லது. இல்லையென்றால் பழைய இடத்திலிருந்து தள்ளி, புது மண் நிரப்பிய பெரிய தொட்டியில் போட்டு, அதன் மேல் வலை கட்டுங்கள்.

லீக்ஸும் பூண்டும் முறுக்கிக்கொண்டு வளர்கின்றன. இதற்கும் வலையா?

ஆமாம், இப்போது வேண்டியிருக்கிறது. பழைய ஆட்கள் "வெங்காயத்துக்கு யாராவது வலை போடுவார்களா" என்பார்கள். அவர்கள் காலத்தில் வேண்டியிருக்கவில்லை. வெங்காயக் குடும்பத்தைத் துளைக்கிற ஒரு சின்ன ஈ பிரிட்டனில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டதே 2002-இல்தான். இலையில் நூல் பிடித்தாற்போல வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது வந்துவிட்டது என்று அர்த்தம். புழு தண்டுக்குள் இறங்கும். செடி முறுக்கும், பிளக்கும், பிறகு அழுகும். லீக்ஸைப் பிடுங்கி உரித்தால் அடுக்குகளுக்கு நடுவே அரிசி மாதிரிப் பழுப்புக் கூட்டுப்புழுக்கள் ஒட்டியிருக்கும்.

இந்த ஈ வருடத்தில் இரண்டு முறை பறக்கும்: மார்ச், ஏப்ரலில் ஒரு தடவை, அக்டோபர், நவம்பரில் ஒரு தடவை. லீக் அந்துப்பூச்சி இதற்கு நேர்மாறாக, மேயிலிருந்து ஜூன் வரை ஒரு தடவை, ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை ஒரு தடவை. இரண்டு நாட்காட்டியையும் சேர்த்துப் பார்த்தால், மார்ச்சிலிருந்து நவம்பர் வரை, ஜூலையைத் தவிர, எப்போதும் யாராவது ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார். லீக்ஸை நட்ட நாள் முதல் பறிக்கும் நாள்வரை வலைக்குள் வைத்திருப்பதே மேல்.

பூச்சி வலையும் ஃப்ளீஸ் துணியும் ஒன்றுதானே?

இல்லை. ஃப்ளீஸ் என்பது பஞ்சு போன்ற மெல்லிய வெள்ளைத் துணி. அதன் முதல் வேலை குளிரைத் தாங்குவது. பூச்சியையும் தடுக்கும், ஆனால் வெயில் ஏறினால் உள்ளே புழுங்கும், ஜூலையில் கீரையெல்லாம் வாடிப்போய்ப் பூவுக்கு ஓடிவிடும். ஒரு பருவத்துக்கு மேல் முழுசாக நிற்பது அபூர்வம். மார்ச், ஏப்ரல் பனிக்கு ஃப்ளீஸ். மே பிறந்ததும் அதை மடித்து வைத்துவிட்டு வலை. இரண்டையும் அப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பழைய நைலான் சேலை, ஜன்னல் திரை, கட்டடச் சாரத்து வலை இவற்றைப் போடலாமா?

நம் வீடுகளில் பழைய சேலை இல்லாத அலமாரி ஏது. ஊரில் காட்டுப்பன்றி வராமல் இருக்க வயலைச் சுற்றிச் சேலை கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த எண்ணம் வருவது இயல்பு. ஆனால் பாத்தி மேல் மூடுவதற்குச் சேலை சரிப்படாது. வெளிச்சத்தை மறைக்கிறது, மழையில் நனைந்து கனத்துத் தொங்குகிறது, காற்று வந்தால் பாய்மரமாகிச் சட்டத்தையே பிடுங்குகிறது. கேரட்டைச் சுற்றி 60 சென்டிமீட்டர் மறைப்பாக நிறுத்துவதற்கு வேண்டுமானால் பயன்படும்.

பழைய வலைத்திரை நல்ல சாமான். ஜன்னலுக்குப் போடுகிற வெள்ளை நெட் துணியைச் சொல்கிறேன். பட்டாம்பூச்சிக்கு நன்றாகவே தாங்கும். வெயிலுக்கு என்று செய்ததல்ல என்பதால் ஓரிரு கோடையில் பொடிந்துவிடும். அதுவரைக்கும் போடுங்கள், செலவில்லை.

சாரத்து வலை, கட்டடம் கட்டும்போது தூசி விழாமல் இருக்கத் தொங்கவிடுகிற பச்சை வலை, அலாட்மென்ட்டுகளில் நிறையப் பேர் போடுகிறார்கள். உறுதி, மலிவு. புறாவையும் பட்டாம்பூச்சியையும் முழுதாகத் தடுக்கும். கேரட் ஈக்கும் துள்ளும் வண்டுக்கும் அதை நம்பாதீர்கள்; கண் சற்றுப் பெரிது, இழை இழுபட்டால் இன்னும் விரியும். வெளிச்சத்தையும் பூச்சி வலையைவிட அதிகம் மறைக்கும்.

எவ்வளவு அகலம், எவ்வளவு நீளம் வாங்க வேண்டும்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பாத்தி 1.2 மீட்டர் அகலம், ஆகவே ஒன்றரை மீட்டர் வலை போதும் என்று வாங்கிவிடுகிறார்கள். வலை பாத்தியின் மேல் படுப்பதில்லை, வளைவின் மேல் ஏறி இறங்குகிறது. 1.2 மீட்டர் பாத்திக்கு அரைவட்டமாக வளைவு வைத்தால் அதன் உயரம் 60 சென்டிமீட்டர், வளைவின் நீளம் ஏறக்குறைய 1.9 மீட்டர். இரண்டு ஓரமும் மண்ணில் புதைக்கத் தலா 30 சென்டிமீட்டர் சேர்த்தால் இரண்டரை மீட்டர் ஆகிறது. கேரட், முள்ளங்கி, கீரைக்கு இது போதும்.

கேல், ஸ்ப்ரவுட்ஸ், ஊதா ப்ரோக்கோலி எல்லாம் ஒரு மீட்டரைத் தொடும். அதற்கு மேல் ஒரு சாண் இடைவெளியோடு பக்கச் சுவர் 1.2 மீட்டர், மேலே 1.2, மறுபக்கம் 1.2, புதைக்க 60 சென்டிமீட்டர். கூட்டினால் 4.2 மீட்டர். ஆகவே அதற்குக் குறையாத அகலச் சுருளாக வாங்குங்கள்.

நீளத்துக்கும் இதே கணக்கு: பாத்தி நீளத்தோடு இரண்டு முனையிலும் உயரமும் புதைக்கும் அளவும் சேர வேண்டும். 3 மீட்டர் பாத்திக்குத் தாழ்வான வளைவு என்றால் 5 மீட்டர். சணல் கயிற்றை எடுத்துக்கொண்டு போய், வளைவின் மேல் போட்டு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

சட்டம் எதில் செய்வது? ஓரத்தை எப்படி மூடுவது?

தண்ணீர்க் குழாய். நிலத்தடியில் பதிக்கிற நீல நிற பிளாஸ்டிக் குழாய், 25 மில்லிமீட்டர். இரண்டு மீட்டர்த் துண்டாக அறுத்து, பாத்தியின் இருபுறமும் அடித்த கம்பியிலோ கெட்டியான மூங்கில் குச்சியிலோ இரு முனைகளையும் செருகினால் அழகான வளைவு கிடைக்கும். ஒரு மீட்டருக்கு ஒன்று வையுங்கள். உச்சியில் நீளவாக்கில் ஒரு மூங்கிலைக் கட்டிவிட்டால் வளைவுகள் சாயாது. வழுவழுப்பாக இருப்பதால் வலையும் கிழியாது.

உயரமான செடிக்கு மூங்கில் குச்சிகளை நட்டு, நுனியில் சின்னப் பிளாஸ்டிக் போத்தலையோ பூந்தொட்டியையோ கவிழ்த்து, அதன் மேல் வலையைப் போடுங்கள். வலைக்காக மட்டுமல்ல, கண்ணுக்காகவும். களை எடுக்கக் குனியும்போது குச்சி நுனி கண்ணில் குத்தும் விபத்து அலாட்மென்ட்டில் சாதாரணமாக நடக்கிறது.

ஓரம் விஷயத்தில் சோம்பல் கூடாது. பூச்சி வலை என்றால் மண்ணில் புதைப்பதுதான் சிறந்தது. ஆனால் வாரத்துக்கு ஒருமுறையாவது திறந்து களை எடுக்க வேண்டியிருக்குமே. ஆகவே மூன்று பக்கத்தைப் புதைத்துவிட்டு, நான்காவது பக்கத்து ஓரத்தை ஒரு நீளப் பலகையில் சுருட்டிக் கிடத்துங்கள். பலகையைத் தூக்கினால் திறந்துகொள்ளும், வைத்தால் மூடிக்கொள்ளும். அங்கங்கே செங்கல் வைப்பதில், இரண்டு செங்கல்லுக்கு நடுவே எப்போதும் ஒரு வாசல் இருந்துவிடும்.

சட்டம் ஆளுயரத்துக்குக் கூண்டு மாதிரி வரப்போகிறதென்றால் வாடகை ஒப்பந்தத்தை ஒருமுறை படியுங்கள். சில இடங்களில் உயரத்துக்கு வரம்பு உண்டு.

தேனீ உள்ளே வராவிட்டால் காய் எப்படிப் பிடிக்கும்?

இலை, தண்டு, வேர் தின்கிற பயிர்களுக்குத் தேனீ வேண்டியதில்லை; முட்டைக்கோஸ், கேரட், லீக்ஸ், கீரை எல்லாவற்றையும் கடைசிவரை மூடி வைக்கலாம். பூசணி, கூர்ஜெட், ரன்னர் பீன்ஸ், ஸ்ட்ராபெரி இவற்றுக்குத் தேனீ வந்தே ஆக வேண்டும். ஸ்ட்ராபெரியைப் பூத்து முடியும்வரை திறந்து வைத்து, காய் சிவக்கத் தொடங்கும்போது பறவை வலை போடுங்கள், இல்லையென்றால் கரும்பறவைகள் பழுக்கிற அன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்விடும். பட்டாணி தன் மகரந்தத்திலேயே காய்க்கும். முளைத்து வரும்போது புறாவிடமிருந்து காப்பாற்றினால் போதும்.

வலைக்குள் அசுவினி பெருகிவிட்டது. வெளியே உள்ள செடியில் இவ்வளவு இல்லையே?

1.3 மில்லிமீட்டர் கண்ணில் அசுவினியும் வெள்ளை ஈயும் நுழைந்துவிடும். அவற்றைத் தின்கிற பொறிவண்டு நுழைய முடியாது. ஆகவே உள்ளே தடுப்பாரில்லாமல் பெருகும். நத்தையும் அப்படித்தான், குளிர்ச்சியாக, பறவைப் பயமில்லாமல் இருக்கும். வாரம் ஒரு நாள் வலையைத் திறந்து ஒவ்வொரு செடியின் குருத்தையும் பாருங்கள். சாம்பல் பூத்த மாதிரி அசுவினி தெரிந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். வெளியில் பொறிவண்டின் புழுக்கள் கண்ணில் பட்டால் இலையோடு எடுத்து உள்ளே விடுவேன். நல்ல பலன் தந்திருக்கிறது.

முள்ளெலி வலையில் மாட்டுமா?

மாட்டும். இந்தப் பதிலைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

ஒரு ஜூன் காலையில் பட்டாணிப் பந்தலடியில் மூச்சிரைப்பது போல ஒரு சத்தம். அறுவடை முடிந்து, பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று தரையில் விட்டிருந்த பழைய வலை ஒரு பந்து மாதிரிச் சுருண்டிருந்தது. உள்ளே முள்ளெலி. பயந்தால் அது உருண்டுகொள்ளும். உருள உருள நைலான் இழை முட்களுக்கு நடுவே இறங்கி இறுகும். கழுத்தைச் சுற்றி ஒரு இழை தோலுக்குள் பதிந்திருந்தது. துண்டால் பிடித்துக்கொண்டு, நகவெட்டும் சின்னக் கத்தரியால் ஒவ்வொரு இழையாக அறுத்தெடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. அந்த வலை என்னுடையது. அன்றிலிருந்து தரையில் வலை விடுவதில்லை.

அறுத்துவிட்டதும் அது ஓடிவிடும் போல இருக்கும், விடாதீர்கள். இழை இறுகிய இடத்தில் தோலும் சதையும் செத்துப்போவது சில நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். ஒரு அட்டைப் பெட்டியில் துண்டு போட்டு வைத்து, அருகிலுள்ள முள்ளெலிக் காப்பகத்துக்கோ கால்நடை மருத்துவரிடமோ கொண்டு போங்கள். இந்த நாட்டின் கிராமப்புறங்களில் முள்ளெலி வெகுவாகக் குறைந்துவிட்டது. நத்தையையும் வண்டையும் தின்று நம் பாத்திக்குக் காவல் இருக்கிற பிராணி அது.

தடுக்க வழி இரண்டுதான். வலை தரையோடு சேர்ந்து இறுக்கமாகப் புதைந்திருக்க வேண்டும், அல்லது தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல், 22 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். பட்டாணி ஏறுகிற வலைக்கு இந்த இரண்டாவது வழி. நடுவாந்தரமாகத் தொய்ந்து கிடப்பதுதான் கொலைகாரன். கெட்டியாகப் பின்னிய வலையை வாங்குங்கள். மீன் நரம்பு மாதிரி மெல்லிய, கண்ணுக்கே தெரியாத மலிவு வலைகளில்தான் பறவையும் பாம்பும் மாட்டிச் சாகின்றன. நுண்ணிய பூச்சி வலையில் தலையே நுழையாது என்பதால் இந்த ஆபத்து மிகக் குறைவு, அதை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். பறவை வலை போட்டிருந்தால் தினமும் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். ஊருக்குப் போகிறீர்கள் என்றால் பக்கத்துத் துண்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஒரு வலை எத்தனை வருடம் உழைக்கும்?

வெயில் தாங்கும்படி செய்த நல்ல பூச்சி வலை ஐந்து வருடத்துக்குக் குறையாது. பத்து வருடம் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எடுத்ததும் மண்ணை உதறி, தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்துச் சுருட்டுங்கள். ஈரத்தோடு மூட்டை கட்டினால் எலி கூடு கட்டிவிடும். சின்னக் கிழிசலைத் தையல் ஊசியால் தைத்துவிடலாம். கிழிந்த துண்டை உரக்குழியில் போடாதீர்கள், அது மக்காது, அடுத்த வருடம் மண்வெட்டியில் சுற்றிக்கொண்டு வரும்.

எப்போது போட வேண்டும், எப்போது எடுக்கலாம்?

நாற்று நட்ட அதே நாளில், கையோடு. நாளைக்குப் போடலாம் என்று வீட்டுக்கு வந்தால் நாளைக்குக் காலை புறா முடித்திருக்கும். அக்டோபரில் பட்டாம்பூச்சி ஓய்ந்ததும் பூச்சி வலையை எடுத்துவிட்டுக் குளிர்காலக் கேலுக்கும் ப்ரோக்கோலிக்கும் பெரிய கண் பறவை வலையை மாற்றுகிறேன். பெரிய கண்ணில் பனி அவ்வளவாகத் தங்காது. நுண்ணிய வலையில் ஒரு இரவுப் பனி குவிந்தால் குழாய் வளைவு படுத்துவிடும். பனி பெய்யும் என்று சொன்னால் அன்றைக்குப் போய் வலையைத் தளர்த்துங்கள், அல்லது பனி நின்றதும் விளக்குமாற்றால் அடியிலிருந்து தட்டிவிடுங்கள்.

ஜனவரி வந்துவிட்டது, செடி பெரிதாகிவிட்டது, இனி வலை எதற்கு என்று அந்தப் பறவை வலையையும் எடுத்துவிடாதீர்கள். ஊதா ப்ரோக்கோலி பிப்ரவரிக் கடைசியில்தான் மொட்டு விடத் தொடங்கும். புறாவுக்கு மிகவும் பசிக்கிற மாதமும் அதுதான். கடைசி மொட்டைப் பறிக்கும்வரை, அதாவது ஏப்ரல்வரை, வலை இருக்கட்டும்.